நாற்காலியில் யார் அமர்கிறார்?

வானொலிக்கு அழைத்துப் பாட்டுக் கேட்கும் நேயர்கள் பலர் இப்போது பாட்டின் பெயரைச் சொல்வதில்லை. காட்சியைச் சொல்கிறார்கள். "கார் மேல ஏறி நின்னு பாடுவாங்களே, அந்தப் பாட்டு" என்கிறார் ஒருவர். "பாட்டி ஒருத்தங்க ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாங்களே, அதைப் போடுங்க" என்கிறார் இன்னொருவர். காதில் விழுந்த பாட்டு கண்ணில் பதிந்து நிற்கும் காலம் இது.

இரண்டாவது நேயர் கேட்கும் பாட்டு எது என்று வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். 2021 மார்ச் 7ஆம் நாள் யூடியூப்பில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட இந்தப் பாட்டு நம் ஊர்க் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக் கலைநிகழ்ச்சிகளிலும் பாசார் மாலாம் ஒலிபெருக்கிகளிலும் ஓயாமல் ஒலித்தது. ஆடாத பிள்ளைகள் இல்லை.

ஆடியதெல்லாம் சரி. அந்தக் காணொளி எதைக் காட்டியது, எப்படிக் காட்டியது என்று நின்று யோசித்தவர்கள் குறைவு. அதிலும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த மலாக்காவில் இருப்பவர்கள், ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், டுரியான் துங்கால் என்று எந்த ஊராக இருந்தாலும், அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது நம் வீட்டுக் கதைக்கு மிக அருகில் இருக்கும் கதை.

நடுவில் ஒரு பாட்டி

பாட்டுக் காணொளிகளுக்கு ஓர் எழுதாத விதி உண்டு. பாடுகிறவர் நடுவில் நிற்பார். அவருக்குப் பின்னால் ஆடுகிறவர்கள். முதியவர்கள் வந்தால் அனுதாபத்துக்காக வருவார்கள். இருமுவார்கள், அழுவார்கள், அல்லது சிரிப்பு மூட்டுவார்கள். பாட்டி என்றால் வெற்றிலை இடிக்க வேண்டும் அல்லது பேரனைத் திட்ட வேண்டும்.

'எஞ்சாய் எஞ்சாமி' இந்த விதியை மாற்றியது. அதில் வரும் மூதாட்டி நடிகை அல்லர். அறிவின் சொந்தப் பாட்டி வள்ளியம்மாள். நகை அணிந்து, நிமிர்ந்து, ஒரு குலத்தின் தலைவியைப் போல அமர்ந்திருக்கிறார். உலகமெங்கும் கேட்கப்பட்ட ஒரு பாட்டின் காணொளியில் பேரனும் பாடகியும் நிற்க, பாட்டி உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சி ஒன்றே கதையின் பாதியைச் சொல்லிவிடுகிறது.

நாற்காலி சாதாரணப் பொருள் இல்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். துரை உட்காருவார், கிராணி உட்காருவார். சம்பள நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இருக்கும், இந்தப் பக்கம் வரிசை இருக்கும். வரிசையில் நின்றவரின் பேரன் கையில் கேமரா வந்ததும் முதல் வேலையாகப் பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டான். ஊடகப் படிப்பில் இதற்குப் பெரிய பெரிய சொற்கள் இருக்கின்றன. தோட்டத்து மனிதருக்கு விளக்கமே தேவையில்லை.

அடுத்தது நிறம். வறுமையைக் காட்டும் காணொளிகள் பொதுவாக வெளுத்த நிறத்தில் இருக்கும். தூசி, மங்கலான வெளிச்சம், கந்தல் துணி. பார்ப்பவர் 'ஐயோ பாவம்' என்று சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்தக் காணொளியிலோ திறந்த வெளியும் மண்ணும் பச்சையும் கண்ணைப் பறிக்கும் உடைகளும் கலந்து ஒரு திருவிழா நடக்கிறது. நிலம் இழந்தவர்களின் கதை நிலத்தின் எல்லா நிறங்களோடும் சொல்லப்படுகிறது.

மூன்றாவது, இசையும் காட்சியும் சேரும் இடம். இந்தப் பாட்டின் அடியில் ஓடுவது ஒப்பாரி. சாவு வீட்டுப் பாடல் வடிவம் ஒன்றைத் துள்ளல் தாளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் ஒரே மூச்சில் பாடுவது நமக்குப் புதிதல்ல. வயதானவர் இறந்தால் பறையும் ஆட்டமுமாக வழியனுப்பும் வழக்கம் தோட்டங்களிலும் இருந்தது. அந்த இரட்டை உணர்வைக் காணொளி கெடுக்கவில்லை. அழுகைப் பகுதி வரும்போது படத்தை இருட்டாக்கி நம்மை வற்புறுத்தவும் இல்லை.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெரிய வரலாறு பின்னால் இருந்தும் அதை நாடகமாக நடித்துக் காட்டும் காட்சிகளை நம்பி இந்தக் காணொளி நிற்கவில்லை. முகங்கள் வருகின்றன, நிலம் வருகிறது, பாட்டு வருகிறது. மீதியைத் தேடிப் படிக்கும் வேலையைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறது. அப்படித் தேடிப் போனால் என்ன கிடைக்கும்?

பாட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம்

வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு தமிழ்நாடு திரும்பி, மீண்டும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வாழ்க்கையைத் தொடங்கிய தலைமுறை. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, பாட்டி சொன்ன கதைகளே இந்தப் பாட்டின் வேர் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். மரத்தை நட்டு வளர்த்தவருக்கு அதன் பயன் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் பாட்டுக்குள் ஓடுவது அதனால்தான்.

இலங்கை மலையகத் தமிழர்களின் கதியை எங்கோ இரண்டு பிரதமர்கள் பேசி முடிவு செய்தார்கள். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு, பெயர் மட்டும் தெரிந்த ஊருக்குக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள்.

இதைப் படிக்கும்போது மலேசியத் தமிழருக்கு இன்னொரு கப்பல் நினைவுக்கு வரும். 1969க்குப் பிறகு நம் நாட்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வேலை இழந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் மலாக்காவிலும் உண்டு. 'ரஜுலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

தேயிலைக்குப் பதில் ரப்பர். கொழுந்துக் கூடைக்குப் பதில் காண்டா கம்பும் பால் வாளியும். மற்றபடி அதே கங்காணி, அதே பெரட்டு, அதே லயம். வள்ளியம்மாள் அமர்ந்திருக்கும் நாற்காலியில் நம் பாட்டிகளில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துப் பார்க்கலாம்.

கோட்டுப் போட்ட கானா

'எஞ்சாய் எஞ்சாமி' திடீரென்று வானத்திலிருந்து குதித்ததில்லை. அதற்கு முன்பே ஓர் இசைக்குழு இந்தக் காட்சி மொழிக்குப் பாதை போட்டிருந்தது. 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. மேடையில் 19 பேர். அறிவும் அவர்களில் ஒருவர்.

அந்த மேடையைக் காணொளியில் பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது உடை. கானா பாடுகிறவர்கள், பறையும் சட்டியும் அடிக்கிறவர்கள், கிட்டார் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு அணிந்திருந்தார்கள்.

கானா என்றால் சினிமா நமக்குக் காட்டிய உருவம் வேறு. மடித்துக் கட்டிய கைலி, கழுத்தில் கைக்குட்டை, சாவு வீட்டு வாசல், கையில் ஒரு பாட்டில். வடசென்னையின் அந்த இசையைச் சினிமா பல ஆண்டுகள் சிரிப்புக்கும் குத்தாட்டத்துக்கும் பயன்படுத்தியது. அதே இசையை அதே மக்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பாடியபோது, பார்த்தவர்களின் மனதில் அம்பேத்கர் சிலையின் நீலக் கோட்டு வந்து நின்றது. உடை மாறியதும் பாட்டின் பொருளே மாறியது. சிரிக்க வந்தவர் எழுந்து நின்று கேட்க வேண்டியதாயிற்று.

ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி என்ற இளம்பெண் இந்தக் குழுவின் முன்வரிசையில் நின்று பாடினார். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பாட்டைக் கேட்டால் ஒரு பெண் குரல். காட்சியில் பார்த்தால் இத்தனை நாள் அங்கே யார் இல்லை என்பது உறைக்கிறது.

இந்தக் குழுவின் உடையையும் அடுத்து வந்த பாட்டின் நாற்காலியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இந்தக் கலைஞர்களின் காட்சிப் பாணி எது என்று தெளிவாகும். இல்லாததைச் செயற்கையாகச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் மனிதரை இதுவரை அவர் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி நகர்த்தி வைக்கிறார்கள். வாசலில் நின்றவரை மேடைக்கு, ஓரத்தில் இருந்தவரை நடுவுக்கு. செலவு குறைவு, விளைவு பெரிது. அறிவு பின்னர் 'அம்பாசா' என்ற குழுவோடு 2024இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயரே இப்போது முகவரி.

நம் காணொளிகள் காட்டிய ஊர்

மலேசியத் தமிழ்ச் சொல்லிசைக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் 'ராப்' என்றால் என்னவென்று பெரும்பாலோர் அறிவதற்கு முன்பே, 1990களில் இங்கே 'பொயட்டிக் அம்மோ' குழு பல மொழிகளில் பாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து 'யோகி பி & நட்சத்திரா'வாக 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் 'நிழல்கள்' படப் பாடலைப் புதிதாக்கிய 'மடை திறந்து' எல்லை தாண்டிப் போய்த் தமிழ்நாட்டு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர்கள் குரல் ஒலித்தது. மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பாட்டு ஏற்றுமதியானது நமக்குக் கொஞ்ச நஞ்சப் பெருமை இல்லை.

அந்தக் காலம் தொடங்கி நம் இசைக் காணொளிகளின் பொதுவான முகம் நகரம். இரட்டைக் கோபுரம் தெரியும் மாடி, இரவு வெளிச்சம், விரையும் கார், கறுப்புக் கண்ணாடி. இதைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதற்கும் ஒரு காரணம் இருந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறிய பிள்ளைகளுக்குத் தாங்களும் இந்த நகரத்தின் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. செய்தியில் நம் பையன்களின் முகம் பெரும்பாலும் குண்டர் கும்பல் செய்தியோடு வந்த நாட்களில், விலையுயர்ந்த காரின் முன் நிமிர்ந்து நின்று பாடுவது அவர்கள் தேர்ந்த கோட்டு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் சாம்பல் நிறக் கோட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. எல்லாரும் அதே காரின் முன் நின்றபோது கதை தீர்ந்துபோயிற்று. எந்த ஊர்க் குழு, எந்தத் தெருப் பிள்ளை என்று காணொளியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மலாக்கா என்றால் ஆற்றங்கரையும் சிவப்புக் கட்டடமும் காதல் பாட்டுக்குப் பின்னணி. தோட்டம் என்றால் வரிசை வரிசையாகச் செம்பனை, அதன் மேல் பறக்கும் டிரோன், நடுவே ஒரு சண்டைக் காட்சி. மரங்கள் இருக்கின்றன, வெட்டியவர்கள் இல்லை. லயத்துச் சுவரின் உரிந்த சாயம் அழகாகத் தெரிகிறது, அந்த வீட்டில் இருந்தவர் யார் என்று தெரிவதில்லை.

நம்மால் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' திரைப்படம் 2015இல் வந்தது. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் புறம்போக்கு வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் கதை. ஒரு சிறுவனின் கண் வழியாக, பூச்சில்லாமல் சொல்லப்பட்டது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது பெற்றது. முழுநீளப் படம் செய்ததை நான்கு நிமிடப் பாட்டும் செய்ய முடியும்.

வெட்டப்பட்ட படம்

இனி கதையின் கசப்பான பகுதி. பாட்டியை நடுவில் உட்கார வைத்த பேரனே ஒரு கட்டத்தில் படத்துக்கு வெளியே நின்றார்.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டைப்படம் வெளியிட்டது. 'எஞ்சாய் எஞ்சாமி'யும் 'நீயே ஒளி'யும் பெற்ற வெற்றியை ஒட்டி வந்த அட்டை. அதில் தீயும் கனடாத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டுக்கும் வரி எழுதியவர் அறிவு. அவர் அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பெரும் விவாதம் எழுந்த பிறகு இதழ் அறிவை வைத்துத் தனியாக ஓர் இணைய அட்டை வெளியிட்டது.

2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்த்த அந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. சில நாட்களில் அறிவு, பாட்டின் மெட்டும் சொல்லும் தன் உழைப்பிலிருந்து வந்தவை என்று எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும், இது கூட்டு உழைப்பு, எங்கும் அறிவுக்குரிய இடத்தைச் சொல்லாமல் விட்டதில்லை, அவர் வெளிநாட்டில் இருந்ததால்தான் அந்த விழாவில் கலந்துகொள்ளவில்லை என்று விளக்கினார்கள். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத நான் வரவில்லை.

2024 மார்ச்சில் இன்னொரு செய்தி. பாட்டு வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆன நிலையில், அதன் வருமானத்தில் கலைஞர்கள் யாருக்கும் ஒரு காசு கூட வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளி ஒன்றில் சொன்னார். மரம் வளர்த்தவருக்குப் பயன் வரவில்லை என்று பாடிய பாட்டுக்கே இந்த நிலை.

இதில் நம் ஊர்க் கலைஞர்களுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, படத்தில் இடம் கொடுப்பது ஒருநாள் வேலை இல்லை. காணொளியில் கொடுத்த இடம், அட்டைப்படத்திலும் மேடையிலும் கணக்குப் புத்தகத்திலும் தொடர வேண்டும். இரண்டு, யார் என்ன செய்தார்கள் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். நண்பர்கள்தானே, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தொடங்கும் குழுக்கள் பாட்டு ஓடிய பிறகுதான் பேசத் தொடங்குகின்றன. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு, காணொளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. படைப்பை மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தாமாக முன்வந்து பதிந்து வைக்கவும் வழி இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து பாட்டுப் போடுகிறவர்கள் ஒரு தாளில் நான்கு பெயரையும் பங்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

மலாக்காவின் பாட்டு எங்கே?

மலாயாவின் ரப்பர் கதை தொடங்கிய மண் மலாக்கா. 1896இல் தான் சாய் யான் என்ற மலாக்கா பெரானாக்கான் வணிகர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன் வெற்றியைப் பார்த்துப் புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் திறந்தார். நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய மரம் அது. அந்த வணிகரின் பெயரில் மலாக்காவில் சாலை இருக்கிறது. விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்து உளி பிடித்தவர்களின் பெயர்கள் எங்கே?

வெள்ளையர் காலத்து அஞ்சலட்டைகளில் அவர்கள் இருக்கிறார்கள். மரத்தடியில் குனிந்து பால் வெட்டும் தமிழ்ப் பெண், பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்கள். படத்துக்குக் கீழே அச்சான வாசகத்தில் இனப் பெயர் இருக்கும், வேலையின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. எங்கள் வீட்டிலும் என் அப்பாயியின் படம் என்று இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்தது ஒன்றுதான். முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். உளியோடு நிற்கும் ஒரு படம் கிடையாது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதே புக்கிட் அசகானில்தான் 1967இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் கோரிக்கைகளோடு கோலாலம்பூர் நோக்கி நடந்தார்கள். நூறு மைலை ஒட்டிய தூரம். காலில் செருப்பு இருந்ததோ இல்லையோ, கையில் பதாகை இருந்தது. அந்த நெடும்பயணத்தை நினைத்துப் பாருங்கள். நடை இருக்கிறது, தாளம் இருக்கிறது, வழி நெடுக ஊர்கள் இருக்கின்றன. ஒரு சொல்லிசைக் குழுவுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? ஆனால் மலாக்காவில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியாவது தெரியும்?

அவசரமும் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்த இடங்கள் பல. லயங்கள் இடிந்தன. ஆயாக் கொட்டகை, ஸ்டோர், பெரட்டுக் களம் என்றால் என்னவென்று கேட்கும் தலைமுறை வளர்ந்துவிட்டது. உளி பிடித்த கைகள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியவை. கோயில் திருவிழாவுக்கு மட்டும் பழைய தோட்டத்துக்குத் திரும்பி, மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்தப் பாட்டிகளை அடுத்த ஐந்து ஆண்டில் எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

கேமராவைத் தூக்கும் முன்

இந்தக் கட்டுரையைப் படிக்கும் இளைஞர்களில் சிலர் கையில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கும். நல்ல கைப்பேசி இருக்கும். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

தோட்டத்தில் படம் எடுக்கப் போனால் முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். பாட்டி, தாத்தா என்று கூப்பிட்டால் போதாது. பெயரைக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், எத்தனை மரம் அவர் கணக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு வராவிட்டாலும் அந்தக் குறிப்பு வீண்போகாது.

கேமராவை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும் முதியவரை நின்றபடி எடுத்தால் அவர் சிறுத்துப்போவார். அவர் கண்மட்டத்துக்கு இறங்கி எடுங்கள். எல்லாக் காட்சிக்கும் டிரோனைப் பறக்கவிட வேண்டியதில்லை. மேலிருந்து பார்த்தால் தோட்டம் துரைக்குத் தெரிந்த மாதிரிதான் தெரியும். மரத்தடியில் நின்று பார்த்தால்தான் வெட்டியவருக்குத் தெரிந்த மாதிரி தெரியும்.

அழச் சொல்லாதீர்கள். அவருக்குப் பிடித்த சேலையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்பாரியோ தாலாட்டோ நடவுப் பாட்டோ தெரிந்தவராக இருந்தால் தனியாகப் பதிவு செய்யுங்கள். அதைப் பாட்டில் பயன்படுத்தினால் பாடியவர் என்று அவர் பெயரைப் போடுங்கள், கையில் ஒரு தொகையும் கொடுங்கள். பெயரில்லாமல் 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டுவிட்டுப் போவது பழைய அஞ்சலட்டைக்காரர்கள் செய்த வேலை.

காணொளி முடிந்ததும் யூடியூப்பில் ஏற்றும் முன் அவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் காட்சியை எடுத்துவிடுங்கள்.

இப்படி ஒரு காணொளி மலாக்காவிலிருந்து வந்தால் வானொலியில் அந்தப் பாட்டை ஒலிபரப்பக் காத்திருக்கிறோம். அறிவிக்கும்போது பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் பெயர்களோடு, நாற்காலியில் அமர்ந்தவரின் பெயரையும் அவருடைய தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். எழுதி அனுப்ப மறக்காதீர்கள்.